பழைய பாய்மரப் படகில் குடியிருப்பு: தண்ணீர் எந்த வழியாக வருகிறது?

[காட்சி: படகின் உள்ளறை. தரைப் பலகை ஒன்று மேலே வருகிறது. டார்ச் வெளிச்சத்தில் அடியில் கொஞ்சம் தண்ணீர்.]

காலையில் கண் விழித்ததும் என் முதல் வேலை இதுதான். தரைப் பலகையைத் தூக்கி, படகின் அடிக்குழியை எட்டிப் பார்ப்பது. இதை பில்ஜ் என்பார்கள். படகுக்குள் எந்த மூலையில் சொட்டு விழுந்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து சேரும். நேற்று இரவு காய்ந்து கிடந்தது. இன்று இரண்டு விரற்கடைத் தண்ணீர் நிற்கிறது.

அடுத்து நான் செய்வதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். டீசலோ எண்ணெயோ மிதக்கவில்லை என்று பார்த்துவிட்டு, விரலால் தொட்டு நாக்கு நுனியில் வைக்கிறேன். கரித்தால் கடல் உள்ளே வருகிறது என்று அர்த்தம். கரிக்காவிட்டால் மழை, அல்லது நம்முடைய குடிநீர்த் தொட்டி. தேட வேண்டிய இடம் ஒரே நொடியில் பாதியாகக் குறைந்துவிடும்.

இன்று கரிக்கவில்லை. நேற்று ராத்திரி நல்ல மழை. அந்தத் தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பதை இந்த வீடியோ முடிவதற்குள் கண்டுபிடித்துவிடுவோம். அதற்கு முன், முப்பது நாற்பது வயதான ஒரு பாய்மரப் படகை வாங்கி, பராமரித்து, அதிலேயே குடியிருந்தால் என்னென்ன வேலை இருக்கும் என்று பார்க்கலாம்.

[காட்சி: தண்ணீரிலிருந்து தூக்கி, முட்டுக்கொடுத்து நிறுத்திய படகு. கேமரா அடிப்பகுதி முழுவதும் மெதுவாக நகர்கிறது.]

முதலில் உடல். 1950களின் கடைசி வரை பயணப் படகு என்றாலே பெரும்பாலும் மரம்தான். 1959இல் பியர்சன் ட்ரைட்டன் என்ற 28 அடிப் படகு வந்தது. கண்ணாடி இழையையும் பிசினையும் சேர்த்து அச்சில் வார்த்த உடல். அப்புறம் 60களிலும் 70களிலும் இப்படி வார்த்த ஃபைபர் படகுகள் வரிசையாக வந்தன. புதிய பொருள் என்பதால், கட்டியவர்கள் பலர் எதற்கும் இருக்கட்டும் என்று தடிமனாகவே வைத்தார்கள். ஃபைபர் மரம்போல் உளுத்துப்போகாது, இரும்புபோல் துருப்பிடிக்காது. அந்தக் காலத்துப் படகுகள் இன்னும் மிதப்பதற்கும், குறைந்த விலைக்குக் கிடைப்பதற்கும் அதுதான் காரணம்.

ஆனால் 45 வயதுப் படகு என்றால், அந்த உடலுக்குத்தான் 45 வயது. எஞ்சினுக்கு ஒரு வயது, பாய்களுக்கு ஒரு வயது, பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகளுக்கு வேறொரு வயது. வாங்கப் போகும்போது ஒவ்வொன்றின் வயதையும் தனித்தனியாகக் கேளுங்கள். பழைய ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருக்கும் உரிமையாளர் கிடைத்தால், கூடக் கொஞ்சம் கொடுத்து வாங்கலாம் என்பேன்.

செலவைப் பற்றி ஒரு வாய்ப்பாட்டுக் கணக்கு உண்டு. படகு விலையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்கச் சொல்வார்கள். பழைய படகுக்கு இது சரிவராது. படகை மலிவாக வாங்கினோம் என்பதற்காக யாரும் நமக்குப் பாயை மலிவாகத் தைத்துத் தரமாட்டார்கள். கம்பி, நங்கூரச் சங்கிலி, அடிப்பூச்சு எல்லாவற்றின் விலையும் படகின் நீளத்தையும் எடையையும் பொறுத்தது. எடையோ நீளத்தைவிட வேகமாக ஏறும். அதே வடிவத்தில் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகிவிடும். அதனால் முதல் படகு எவ்வளவு சிறியதாக இருக்க முடியுமோ அவ்வளவு சிறியதாக இருக்கட்டும்.

ஜோஷுவா ஸ்லோகமின் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். தனி ஆளாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய முதல் மனிதர். அவருக்குக் கிடைத்த ஸ்ப்ரே, கரையில் ஒரு வயலில் முட்டுக்கொடுத்து நின்ற பழைய படகு. 36 அடி 9 அங்குலம். கிட்டத்தட்ட முழுவதையும் மாற்றிக் கட்டினார். பொருளுக்கு ஆன செலவு 553 டாலர் 62 சென்ட், சொந்த உழைப்பு 13 மாதம். 1895இல் பாஸ்டனிலிருந்து கிளம்பியவர் 1898 ஜூனில் நியூபோர்ட் வந்து சேர்ந்தார். பணத்துக்குப் பக்கத்தில் மாதங்களையும் எழுதிவைத்தார் பாருங்கள், பழைய படகு வாங்குகிறவர்கள் போட வேண்டிய கணக்கு அது.

[காட்சி: மேல்தளத்தில் ஒருவர் மண்டியிட்டு, சுத்தியலின் பிளாஸ்டிக் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போகிறார். சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும்.]

கேளுங்கள். டக், டக், டக்... தொப்.

இந்த ‘தொப்’தான் பழைய ஃபைபர் படகின் பெரிய நோய். மேல்தளம் ஒரே கனமான தகடு அல்ல. மேலே ஒரு ஃபைபர் தகடு, கீழே ஒன்று, நடுவில் பால்சா என்ற மிக இலேசான மரம். எடை குறைவு, மிதித்தால் வளையாது. நல்ல யோசனைதான். ஆனால் அந்தத் தளத்தில் நூற்றுக்கணக்கான துளைகள் போட்டு ஆணிகளை முடுக்கியிருப்பார்கள். கைப்பிடி, கப்பி, கம்பித்தூண் என்று ஒவ்வொன்றுக்கும் துளை. துளையை அடைத்திருக்கும் பசை பத்து இருபது வருடத்தில் காய்ந்து வெடிக்கும். மழைநீர் ஆணியோடு இறங்கி பால்சாவில் ஊறும். உள்ளே போனது வெளியே வர வழியில்லை. மரம் ஈரச் சாந்துபோல் ஆகிவிடும். மேலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது.

இதைத் தடுக்கும் வேலையைக் கொஞ்சம் நிதானமாகக் காட்டுகிறேன், ஏனென்றால் ஒரு படகில் நீங்கள் நூறு முறை செய்யப்போவது இதைத்தான். பொருத்தியிருக்கும் உறுப்பைக் கழற்றுங்கள். துளையை ஆணியின் அளவைவிடப் பெரிதாகத் துளையுங்கள், ஆனால் அடித்தகட்டை விட்டுவிடுங்கள். ஓரத்தில் தெரியும் பால்சாவைச் சுரண்டி எடுங்கள். வெளிர்நிறத்தில், உலர்ந்த தூளாக வந்தால் பிழைத்தோம். கறுப்பாக, ஈரமாக வந்தால் தளத்தைத் திறந்து பார்க்கும் பெரிய வேலை காத்திருக்கிறது. காய்ந்த துளையின் அடியை ஒட்டுப்பட்டையால் மூடி, கெட்டியாக்கிய எபாக்சி என்ற பிசினை நிரப்புங்கள். அது இறுகிய பிறகு, அதன் நடுவே ஆணிக்கான துளையைப் போடுங்கள். இனி மேலே பசை தவறினாலும் தண்ணீர் எபாக்சியைத்தான் தொடும், மரத்தைத் தொடாது. ஒரு கைப்பிடிக்கு அரை நாள் ஆகும். அவசரப்பட்டு மேலே மட்டும் பசையைத் தடவிவிட்டுப் போகாதீர்கள். அடுத்த மழைக்கு அது வேறு பக்கமாகச் சொட்டும்.

[காட்சி: தண்ணீர்மட்டத்துக்குக் கீழே ஒரு வால்வு. அதில் நூலால் கட்டிய கூம்பு வடிவ மரக்கட்டை.]

கரிக்கும் தண்ணீர் வேறு வகை. அதற்கு அவசரம் அதிகம். பழைய படகின் உடலில், தண்ணீர்மட்டத்துக்குக் கீழே ஐந்தாறு துளைகளாவது இருக்கும். எஞ்சினைக் குளிர்விக்க, கழிப்பறைக்கு, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு, சீகாக். தண்ணீர்மட்டத்துக்கு இரண்டு அடி கீழே ஒன்றரை அங்குலக் குழாய் கழன்றுகொண்டால் நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் உள்ளே பாயும். சாதாரண பம்புகள் பெட்டியில் எழுதியிருக்கும் அளவுக்குத் தள்ளாது. மேலே ஏற்றித் தள்ள வேண்டியிருப்பதால் பாதியாகக்கூடக் குறையும்.

ஆகவே மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு சீகாக்கையும் மூடித் திறந்து பாருங்கள். இறுகிப்போன வால்வு அவசரத்துக்கு உதவாது. உலோகத்தையும் பாருங்கள். வெண்கலம் கடலில் நீடிக்கும். பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறி, மிஞ்சியது ரோஜா நிறத்தில் பொடிப்பொடியாக உதிரும். அந்த நிறம் தெரிந்தால் அடுத்த முறை கரையேற்றும்போது மாற்றியே ஆக வேண்டும். குழாயில் இடம் இருந்தால் இரண்டு கவ்வி போடுங்கள். இந்த மரக்கட்டையை ஒவ்வொரு வால்விலும் கட்டித் தொங்கவிடுங்கள். உடைந்தால் அதை அடித்துத் துளையை அடைக்கலாம். பெட்டியின் அடியில் கிடக்கும் கட்டையை இருட்டில், முழங்கால் தண்ணீரில் தேட முடியாது.

அடிப்பூச்சின் கீழே சின்னச் சின்னக் கொப்புளங்கள் தெரிந்தால் பலர் பயந்துவிடுவார்கள். தண்ணீர் மேற்பூச்சு வழியாக மெல்ல ஊடுருவி, உள்ளே கரையக்கூடியதைக் கரைத்து, அழுத்தம் ஏறிப் புடைப்பது அது. குத்தினால் வினிகர் வாடை வரும். நாலைந்து இருந்தால் திறந்து, காயவைத்து, எபாக்சி வைத்து மூடிவிடலாம். அதற்காக ஒரு நல்ல படகை வேண்டாமென்று சொல்லத் தேவையில்லை.

எஞ்சினைப் பற்றி ஒன்றே ஒன்று. கிளப்பியதும் பின்பக்கம் போய், புகைக்குழாயில் தண்ணீர் சேர்ந்து வருகிறதா பாருங்கள். வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். பெரும்பாலும் கடல்நீர் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் என்ற ரப்பர் சக்கரத்தின் இதழ் கிழிந்திருக்கும். கையிருப்பில் ஒன்று இருந்தால் சீக்கிரம் மாற்றிவிடலாம். உடைந்த இதழ்த் துண்டுகளை எண்ணிப் பாருங்கள். காணாமல் போன துண்டு குளிர்விப்பானுக்குள் போய் அடைத்துக்கொண்டிருக்கும், அதையும் எடுக்க வேண்டும்.

[காட்சி: படுக்கை மெத்தையைத் தூக்கிக் காட்டுதல். அடியில் ஈரத் திட்டு.]

எந்த ஓட்டையும் இல்லாமலே படகு நனையும். இருவர் ஒரு இரவு தூங்கினால் அவர்கள் மூச்சே போதும். குளிர்ந்த ஃபைபர் சுவரில் அது நீராகப் படியும். மெத்தைக்கு அடியில்தான் முதலில் பூஞ்சை வரும். மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே காற்றோட்டமுள்ள விரிப்பு போடுங்கள், அலமாரிக் கதவுகளில் துளை வையுங்கள். சமைக்கும்போது மேல்மூடியைத் திறந்துவிடுங்கள். குடியிருக்காமல் பூட்டிவைத்த படகுகள் சீக்கிரம் கெடுவது காற்றில்லாமல்தான். உள்ளே ஆள் இருக்கும் படகில் புதுச் சத்தமோ புது வாடையோ வந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். குடியிருப்பதில் எனக்குப் பெரிய நிம்மதி அதுதான்.

மின்சாரம்: 12 வோல்ட் குளிர்பெட்டி ஓடும்போது ஐந்து ஆம்பியர் இழுக்கிறது, பாதி நேரம் ஓடுகிறது என்றால் ஒரு நாளைக்கு 60 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். குளிர்பெட்டி ஒன்றுக்கே அது போதாது. சூரியத் தகடு வாங்கும் முன் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

சமையல் எரிவாயு விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன். அது காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் ஜன்னலைத் திறக்கலாம். படகில் அது நேராக பில்ஜில் போய்த் தேங்கும், ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். சிலிண்டர் இருக்கும் அறையின் வடிகுழாய் வெளியே திறக்க வேண்டும். சமைத்து முடித்ததும் அடுப்பில் மட்டுமல்ல, சிலிண்டரிலும் மூடுங்கள். ஒவ்வொரு முறையும்.

[காட்சி: மறுபடியும் உள்ளறை. வலப்பக்க அலமாரி காலிசெய்யப்பட்டிருக்கிறது. உள்ளே வரிசையாக மெல்லிய காகிதத் துண்டுகள்.]

சரி, காலையில் பார்த்த தண்ணீருக்கு வருவோம். தொட்டியின் அளவு குறையவில்லை, ஆக மழைதான். ஜன்னலுக்குக் கீழே, ஆணிகளுக்குக் கீழே, அலமாரியின் பின்சுவரில் காகிதத் துண்டுகளை ஒட்டிவிட்டு, மேல்தளத்தில் ஒரு இடத்தில் மட்டும் பத்து நிமிடம் தண்ணீர் ஊற்றினேன். பிறகு அடுத்த இடம். எப்போதும் தாழ்வான இடத்தில் தொடங்கி மேலே போக வேண்டும். மூன்றாவது இடத்தில் ஒரு காகிதம் நனைந்தது.

அது செயின்பிளேட். பாய்மரத்தைப் பிடித்து நிற்கும் கம்பிகள் படகின் உடலோடு சேரும் எஃகுப் பட்டை. தளத்தின் வழியாக உள்ளே இறங்கி, உள்சுவரில் ஆணி போட்டு நிற்கிறது. அதன் மேல் ஒரு மெல்லிய பழுப்புக் கோடு வழிந்திருந்தது.

துருப்பிடிக்காத எஃகு துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேல் படியும் ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தால். அந்தப் படலம் பழுதானால் மறுபடி உருவாக ஆக்சிஜன் வேண்டும். தளத்துக்குள் பசையும் உப்புத் தண்ணீரும் சூழ்ந்த இடத்தில் காற்று இல்லை. வெளியே தெரியும் பகுதி பளபளவென்று இருக்க, கண்ணுக்குத் தெரியாத அந்த இரண்டு அங்குலத்தில் மட்டும் எஃகு உள்ளுக்குள் அரிபடும்.

பாயை ஏற்றும் கயிறுகளைப் பக்கவாட்டில் இழுத்துக் கட்டி, பாய்மரத்துக்குத் தாங்கல் கொடுத்துவிட்டு, அந்தப் பட்டையைக் கழற்றினேன். துடைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். தளத்தைக் கடக்கும் இடத்தில், பட்டையின் அகலத்தில் பாதிக்கு ஒரு மயிரிழை விரிசல்.

[காட்சி: விரிசல், மிக அருகில். பேச்சில்லாமல் ஐந்து நொடி.]

படகில் இதுபோல் ஆறு பட்டைகள். ஒவ்வொன்றாகக் கழற்றி, ஆறையும் புதிதாக வெட்டிப் பொருத்தினேன். துளைகளைச் சுற்றி பால்சாவைச் சுரண்டி எபாக்சி நிரப்பினேன். அதே காகிதங்களை மறுபடி ஒட்டி, அடுத்த மழைக்குக் காத்திருந்தேன். விடிய விடியப் பெய்தது. காலையில் பலகையைத் தூக்கினேன். பில்ஜின் அடியில் தூசி இருந்தது.