கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்

(தேசியப் பாதுகாப்பு நாளையொட்டிப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களே, பதிவாளர் அவர்களே, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களே, அறிவியல் புலத் தலைவர் அவர்களே, நாட்டு நலப்பணித் திட்ட ஒருங்கிணைப்பாளர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, இருக்கை இல்லாமல் பின்கதவோரம் நின்றுகொண்டிருக்கிற தூய்மைப் பணியாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆட்சிக்குழுக் கூட்டத்தின் இடையிலே எழுந்து வந்து இந்த அரங்கில் அமர்ந்திருக்கிற துணைவேந்தர் அவர்களுக்கு முதலில் என் நன்றி. பதிவாளர் அவர்கள் என் பழைய மாணவர். முதலாண்டுச் செய்முறை வகுப்பில், திரவத்தை அளந்தெடுக்கும் கண்ணாடிக் குழலான பிப்பெட்டை வாயால் உறிஞ்சக் கூடாது என்று நான் மூன்று முறை சொல்லியும் உறிஞ்சியவர்களில் அவரும் ஒருவர். அன்று அவர் வாய்க்குள் போனது எது என்பதை இந்த மேடையில் சொல்ல மாட்டேன். மாலைக்கும் பொன்னாடைக்கும் மிக்க நன்றி. இரண்டும் எளிதில் தீப்பிடிக்கும் பொருள்கள் என்பதால் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிறேன்.

தேசியப் பாதுகாப்பு மன்றம் 1966-ஆம் ஆண்டு மார்ச் 4 அன்று தொடங்கப்பட்டது. அந்த நாளில்தான் ஆண்டுதோறும் நாம் உறுதிமொழி எடுக்கிறோம். எனக்கு ஒதுக்கப்பட்ட நேரத்தில் ஆய்வுக்கூடம், விடுதிச் சமையற்கூடம், மின் இணைப்புகளும் தீயும் என்று மூன்றைப் பற்றிப் பேசலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். மூன்றுக்கும் ஒரே பழமொழிதான் முகப்பு: கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்.

இந்தப் பழமொழியை நான் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. நான் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டராக, அதாவது செய்முறைப் பயிற்றுநராகச் சேர்ந்த காலத்தில், அங்கே ஓர் அம்மா தூய்மைப் பணியில் இருந்தார். முதல்வர் முதற்கொண்டு எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார். எங்கள் குப்பிகளிலோ ஒரு தமிழ் எழுத்துக்கூடக் கிடையாது. அதற்காக அவர் யாரையும் போய்க் கேட்கவில்லை. பழைய சேலைக் கரையைக் கிழித்துக் குப்பிகளின் கழுத்தில் கட்டத் தொடங்கினார். சிவப்புத் துணி என்றால் சுடும். கறுப்பு என்றால் பார்க்கத் தண்ணீர் போல இருக்கும், நம்பாதே. மஞ்சள் என்றால் கவலையில்லை. கண்ணாடிச் சாமான் கழுவுகிற குரோமிக் அமிலம், பயன் தீர்ந்து ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சைக்கு மாறினாலும், அதன் சிவப்புத் துணி மாறாது. பச்சையானதும் தீது போய்விட்டது என்று நினைத்த முதுகலை மாணவர்களை அவர் அதட்டியதை நானே பார்த்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களும் பெயர்ச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் அக்காவின் துணியைத்தான் பார்ப்போம். ஏனென்றால் பெயர்ச்சீட்டு பாதி நாள் நனைந்து உரிந்திருக்கும், துணி உரியாது.

அப்படியிருக்கையில் ஆய்வுக்குழு வருகிறது என்று அறிவிப்பு வந்தது. ஆய்வுக்குழு வந்தால் ஒரு கல்லூரி என்னவெல்லாம் செய்யும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வெள்ளையடித்தார்கள். பூந்தொட்டிகளை வாடகைக்கு எடுத்தார்கள். ஓடாத கடிகாரங்களை எல்லாம் ஒரே நேரத்தில் நிற்குமாறு திருப்பி வைத்தார்கள். துறைத் தலைவர் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்து, இதென்ன கோயில் மரத்தில் தொட்டில் கட்டிய மாதிரி என்று கேட்டார். அன்று மாலையே துணிகள் அத்தனையும் கத்தரிக்கப்பட்டன. கத்தரித்தவர்களில் நானும் ஒருவன்.

மறுநாள் காலையில், அலமாரியைத் துடைப்பதற்காகக் குப்பிகளைக் கீழே இறக்கிய அக்கா, வாலைவடிநீர், அதாவது காய்ச்சி வடித்த தண்ணீர் என்று நினைத்து ஒன்றைத் திறக்கப் பார்த்தார். உள்ளே இருந்தது காஸ்டிக் சோடா என்ற கடுமையான காரத்தின் கரைசல். காரத்தைக் கண்ணாடி மூடியிட்ட குப்பியில் வைத்தால் மூடி இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்திய நாங்கள், அதைக் கண்ணாடி மூடியிட்ட குப்பியில்தான் வைத்திருந்தோம். அக்கா பலங்கொண்டு திருகியபோது மூடி சட்டென்று விட்டு, கரைசல் இடக் கண்ணில் தெறித்தது. அமிலத்துக்கு அஞ்சுகிற நாம் காரத்துக்கு அஞ்சுவதில்லை. ஆனால் கண்ணுக்குள் ஆழமாக அரித்துக்கொண்டு போவது காரந்தான். குறைந்தது 15 நிமிடமாவது ஓடும் நீரில் கண்ணைக் கழுவ வேண்டும். குழாயைத் திறந்தோம், காற்றுதான் வந்தது. மோட்டார் போடவில்லை. வாசலில் தேநீர்க் கடை வைத்திருந்தவர்தான் இடுப்புக் குடத்தோடு ஓடி வந்தார். மருத்துவர்கள் பாடுபட்டும் அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டுமே மிஞ்சியது. அடுத்த வாரம் கல்லூரி ஒரு பெரிய பலகை எழுதி மாட்டியது: சேஃப்டி ஃபர்ஸ்ட். அதையும் ஆங்கிலத்தில்தான் எழுதினார்கள். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்பது எனக்கு ஏட்டில் படித்த பழமொழி அல்ல என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இது ஏதோ ஒரு சிறிய கல்லூரியின் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி ஒன்று 1985-இலிருந்து பயன்படாமல் கிடந்தது. 2010 பிப்ரவரியில் அதைப் பழைய சாமான்களோடு ஏலத்தில் விட்டார்கள். அது டெல்லியின் மாயாபுரிப் பகுதியில் உள்ள பழைய இரும்புக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பிரித்தவர்களுக்கு அது இன்னதென்று தெரியாது. பலர் கதிர்வீச்சால் நோயுற்றார்கள்; ஒரு தொழிலாளி இறந்தார். ஆபத்து பிறந்தது பல்கலைக்கழகத்திலே. அதைச் சுமந்தவர் பல்கலைக்கழகத்தின் வாசலையே மிதிக்காதவர்.

குறியீடு போட்டால் போதாதா என்று சில பேராசிரியர்கள் என்னிடம் கேட்கிறார்கள். கதிர்வீச்சுக்குரிய மூவிதழ்க் குறியைப் பார்த்துப் பொதுமக்களுக்கு எதுவும் விளங்கவில்லை என்று கண்ட பிறகுதான், பன்னாட்டு அணுசக்தி முகமை 2007-இல் மண்டையோட்டையும் ஓடுகிற மனிதனையும் சேர்த்துப் புதிய குறி ஒன்றை அறிமுகப்படுத்தியது. அணு ஆற்றலை ஆராய்கிறவர்களே இறங்கி வந்து படம் வரைந்திருக்கும்போது, நாம் இரண்டு வரி தமிழ் எழுதுவதற்கு என்ன தயக்கம்?

சட்டம் கேட்கிறீர்களா? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, தொழிற்சாலை அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரிகிற மொழியிலும் இருக்க வேண்டும் என்று விதித்தது. 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள், மருந்தோடு வைக்கும் துண்டறிக்கையில் வட்டார மொழியும் வேண்டும் என்கின்றன. பருத்திக்கு மருந்தடிக்கிற விவசாயிக்குத் தமிழில் எச்சரிக்கை உண்டு. முனைவர்கள் நிறைந்த வளாகத்தில் குப்பை அள்ளுகிறவருக்கு இல்லை. கழிப்பறையில் ஆசிட் ஊற்றிய இடத்திலேயே பிளீச்சிங் பவுடரையும் தூவினால் குளோரின் வாயு கிளம்பும் என்பது இங்கே இருக்கிற மாணவர்கள் எல்லாருக்கும் தெரியும். தூவுகிறவரிடம் யார் சொன்னது? வாளியின் மேல் யார் எழுதியது?

விடுதிச் சமையற்கூடத்தைப் பற்றியும் மின் இணைப்புகளைப் பற்றியும் பேசுவதாகச் சொன்னேன். எரிவாயு உருளைகளைச் சமையற்கட்டுக்கு வெளியே வையுங்கள், ஒரே பிளக்கில் நான்கு கருவிகளைச் செருகாதீர்கள் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். பதிவாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

துணைவேந்தர் அவர்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. வளாகத்தில் உள்ள ஒவ்வொரு வேதிப்பொருள் குப்பியிலும், கழிவுக் கலத்திலும், துப்புரவு மருந்து வாளியிலும் தமிழில் பெயரும், என்ன செய்யும் என்ற ஒரு வரியும், பட்டால் என்ன செய்வது என்ற ஒரு வரியும் இருக்க வேண்டும். பாதுகாப்புக் குழுவில், ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர் அல்லாமல், துடைப்பம் பிடிக்கிற ஒருவர் உறுப்பினராக வேண்டும். போபால் நச்சுவாயு விபத்துக்குப் பிறகு, 1987-இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம் ஆபத்தான தொழிற்சாலைகளின் பாதுகாப்புக் குழுவில் தொழிலாளருக்குச் சரிபாதி இடம் கொடுத்தது. நான் கேட்பது ஒரே ஒரு நாற்காலி.

வேதிப்பொருள்களின் ஆபத்தைக் காட்ட உலக நாடுகள் ஒப்புக்கொண்ட சிவப்புச் சாய்சதுரக் குறிகள் 9 இருக்கின்றன. அவற்றின் அடியில் தமிழ் வரிகளைச் சேர்த்து அச்சிட்ட மாதிரிகளை இந்த உறையில் கொண்டு வந்திருக்கிறேன். நீர் பட்டால் உரியாத தாள். துணைவேந்தர் அவர்கள் இதைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அப்படியே, பின்கதவோரம் நிற்கிற அந்த அம்மாக்கள் உட்கார நாற்காலிகளை யாராவது எடுத்துப் போடுங்கள். அடுத்து அவர்களில் ஒருவர் பேசுவதாக நிகழ்ச்சி நிரலில் என் கையாலேயே எழுதிச் சேர்த்திருக்கிறேன்.