வீட்டுக்கு வீடு வாசப்படி
(காரைக்குடியில் நடந்த மனநலக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் சங்கத் தலைவர் அண்ணன் அவர்களே, புறநோயாளிகளைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாடுகூட இல்லாமல் வந்திருக்கும் மனநல மருத்துவர் அம்மா அவர்களே, முன்வரிசை ஆச்சிமார்களே, கதவோரமாக நிற்கும் தம்பி தங்கைகளே, வணக்கம். எனக்குப் போர்த்திய சால்வையை மருத்துவர் அம்மாவுக்குப் போர்த்த அனுமதி கேட்கிறேன். ஆறு வருஷமாக என் கோபத்தையும் அழுகையையும் தாங்கியவர் அவர்.

மூன்று விஷயம் பேச ஒத்துக்கொண்டு வந்தேன்: நோய் என்ன, நம் பொறுப்பு எது, ஊர் என்ன செய்யலாம். எனக்கு இருப்பது எல்லைநிலை ஆளுமைக் கோளாறு. ஒருவர் போனை எடுக்காவிட்டால் 'நம்மைக் கைவிட்டுவிட்டார்' என்று நெஞ்சு பதறும். காலையில் தெய்வமாகத் தெரிந்தவர் சாயங்காலம் எதிரியாகத் தெரிவார். பிறவிச் சுபாவமும் வளர்ந்த சூழலும் சேர்ந்து வருவது. யாரும் கேட்டு வாங்கியதில்லை. இதில் மறைக்க என்ன இருக்கிறது? வீட்டுக்கு வீடு வாசப்படி.

ஒருநாள் தங்கை போனை எடுக்கவில்லை. நாலு தடவை அடித்தேன். ஐந்தாவது தடவைக்குக் காத்திராமல் தேவகோட்டை பஸ் ஏறிவிட்டேன். அவள் வீட்டில் விருந்தாளிகள். முகப்பில் பாய் விரித்து மாமியார் ஆச்சி வெற்றிலைத் தட்டு வைத்துக்கொண்டிருக்கிறார். உள்ளே போனவன் கத்தினேன். கை பட்ட இடத்தில் ஒரு மங்கு ஜாடி, ஆச்சியின் அப்பச்சி பர்மாவிலிருந்து கொண்டுவந்தது. வீசிவிட்டேன். ஆத்தங்குடிக் கல் தரையில் அது சிதறிய சத்தம் இப்போதும் கேட்கிறது. தங்கை அப்போது மாடியில் பிள்ளையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்து மன்னிப்புக் கேட்கப் போனேன். "என் நோய்தான் ஆச்சி அப்படிச் செய்ய வைத்தது" என்றேன். ஆச்சி சொன்னார்: "நோய் உங்க தப்பில்லை தம்பி. ஜாடி?" எனக்குப் பதில் வரவில்லை. அப்புறம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஏறி இறங்கினேன். வெள்ளையில் நீலப் பூ, அதே உயரத்தில் ஒன்று கிடைத்தது, மூடிதான் வேறு. மாதத் தவணையில் பணம் கட்டி வாங்கிக் கொடுத்தேன். ஆச்சி அதில் ஆவக்காய் போட்டு வைத்திருக்கிறார்.

பொறுப்பு என்று நான் சொல்வது அந்தத் தவணையைத்தான். வாசப்படியை நமக்காக வேறு யாரும் தாண்ட முடியாது. இப்போது கொதிப்பு ஏறினால் ஒரு பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்து, மூச்சை அடக்கி முகத்தை அரை நிமிஷம் அமிழ்த்துகிறேன், இதயத்துடிப்பு தணிகிறது. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். கொந்தளிக்கும் உணர்ச்சியைக் கையாளக் கற்றுத்தரும் இயங்கியல் நடத்தைச் சிகிச்சை (டி.பி.டி.) என்று ஒன்று உண்டு, அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் வகுத்தது. இது அதில் உள்ள பயிற்சி. இளவயதில் மனநல மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தவர் லினஹன். 2011-ல் அதை வெளிப்படையாகச் சொன்னார்.

அமெரிக்காவில் இந்த நோய் உள்ள 290 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், 10 ஆண்டுக்குள் 100-க்கு 93 பேருக்குக் குறைந்தது 2 ஆண்டாவது நோய்க்குறிகள் விலகியிருந்தன. ஆனால் வேலையும் உறவும் கூடிவந்து நிமிர்ந்தவர்கள் பாதிப் பேர்தான். மிச்சப் பேருக்கு என்ன வழி? பழகிப் பார்க்க ஓர் இடம் வேண்டாமா? வாரம் ஒருநாள், தமிழில், இலவசமாக. நெருக்கடியில் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசலாம், சரி. ஆனால் உறவைச் சீராக்க எதிரே மனிதர்கள் உட்கார வேண்டும்.

இந்த ஊரில் பூட்டிய வளவு வீடுகள் எத்தனை! கல்யாணத்துக்கு ஒருமுறை திறந்து, ஒட்டடை அடித்து, மறுபடி பூட்டுகிறோம். ஒரு முகப்பு போதும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை. கூட்டிப் பெருக்குவதும் தண்ணீர் வைப்பதும் எங்கள் வேலை. வீட்டுக்கு வீடு வாசப்படி என்கிறோமே, அதில் ஒன்றை எங்களுக்குத் திறந்துவிடுங்கள். சாவி வைத்திருக்கும் அண்ணன்மார்கள், ஆச்சிமார்கள், கூட்டம் முடிந்ததும் செருப்பு விடும் இடத்தில் நிற்கிறேன். கையில் நோட்டு இருக்கிறது. பெயர் எழுதுங்கள்.