'லேசான தடியடி' என்றால் எவ்வளவு?

வணக்கம்.

சில வருடங்களுக்கு முன் நந்தனம் பக்கம் ஒரு மைதானத்தில் பாட்டுக் கச்சேரிக்குப் போயிருந்தேன். முன்வரிசைத் தடுப்புக் கம்பிமேல் ஒருவர் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தார். நல்ல போதை. பின்னால் இருந்தவர்கள் இறங்கச் சொல்லிக் குரல் கொடுத்ததும், கையில் இருந்த தண்ணீர் பாட்டிலைக் கூட்டத்துக்குள் வீசினார். ஓர் இளம் காவலர் லத்தியை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தார். அவரை முந்திக்கொண்டு போய் நின்றது வயதான ஏட்டு ஒருவர். ஒரு கையால் போதைக்காரரின் மணிக்கட்டைப் பிடித்தார், இன்னொரு கையை அவர் முதுகில் வைத்தார். "தம்பி, கீழ இறங்குப்பா. இந்தச் சத்தத்துல நீ சொல்றது ஒண்ணும் கேக்கல. வெளிய வந்து சொல்லு." அந்த ஆள் இறங்கிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், இரண்டு பேரும் கேட்டுக்கு வெளியே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த இளம் காவலரின் லத்தி இறங்கியிருந்தால், அது சட்டப்படி சரியா? பொது நிகழ்ச்சியில் ரகளை செய்கிறவர்மேல் போலீஸ் எவ்வளவு பலத்தைப் பயன்படுத்தலாம்? இன்றைக்கு அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

[திரையில்: பழைய நாளிதழ் தலைப்புகள், ஒன்றன்மேல் ஒன்றாக]

இதைப் பற்றிய செய்திகளில் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, 'குண்டுக்கட்டாகத் தூக்கிச் சென்றனர்'. வள்ளுவர் கோட்டத்திலோ எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியம் பக்கத்திலோ போராட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும். எழுந்திருக்க மறுத்து உட்கார்ந்திருப்பவரை நாலு காவலர்கள் கை கால் பிடித்துத் தூக்கி வேனில் ஏற்றுவார்கள். ஒரு கல்யாண மண்டபத்திலோ சமுதாயக் கூடத்திலோ வைத்திருந்து மாலையில் விட்டுவிடுவார்கள். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் அடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். அவர் யாரையும் தாக்கவில்லை, நகர மறுக்கிறார், அவ்வளவுதான். தூக்கினால் போதும் என்ற இடத்தில் லத்திக்கு வேலை இல்லை. பெண்களைப் பெண் காவலர்கள்தான் தூக்க வேண்டும். கைதுக்காக ஒரு பெண்ணை ஆண் காவலர் தொடக் கூடாது என்பது, தவிர்க்க முடியாத சூழ்நிலை தவிர, சட்டத்திலேயே இருக்கிறது.

இன்னொன்று, 'லேசான தடியடி'. இந்தச் சொல்லை நான் பத்திரிகையில்தான் பார்த்திருக்கிறேன், சட்டத்தில் பார்த்ததில்லை. தலையில் தையல் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு அது லேசானது இல்லை. லத்தி இடுப்புக்குக் கீழேதான் விழ வேண்டும், தலை, கழுத்து, நெஞ்சு பக்கம் போகவே கூடாது என்றுதான் பயிற்சி சொல்கிறது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 148-வது பிரிவுதான் கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. பழைய சட்டத்தில் இதுவே 129. சட்டவிரோதக் கூட்டத்தை, அல்லது பொது அமைதியைக் கெடுக்கக்கூடிய ஐந்து பேரோ அதற்கு மேலோ உள்ள கூட்டத்தை, கலைந்து போகச் சொல்லி உத்தரவிடலாம். நிர்வாக நடுவரோ, அதாவது எக்ஸிக்யூட்டிவ் மாஜிஸ்திரேட்டோ, ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியோ சொல்லலாம். அந்தப் பொறுப்பு அதிகாரி இல்லாவிட்டால், எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத போலீஸ் அதிகாரி சொல்லலாம். சொல்லியும் கலையாவிட்டால் பலத்தைப் பயன்படுத்தலாம்.

இதில் வரிசையைக் கவனியுங்கள். முதலில் உத்தரவு. அது கூட்டத்தின் காதில் விழ வேண்டும். கலைந்து போக நேரமும் வழியும் இருக்க வேண்டும். அப்புறம்தான் பலம்.

அடுத்த பிரிவு, 149, ராணுவத்தைக் கூப்பிடுவது பற்றி. கூட்டத்தைக் கலைக்கத் தேவையான அளவுக்குள், முடிந்தவரை குறைந்த பலம், முடிந்தவரை குறைந்த காயம், குறைந்த சேதம் என்று அங்கே எழுத்தில் இருக்கிறது. ராணுவத்துக்கு இதை எழுதி வைத்தவர்கள், தினம் தினம் கூட்டத்தோடு நிற்கிற போலீஸுக்கான பிரிவில் அதே வரியை எழுதவில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. அந்த இடத்தை நீதிமன்றங்கள்தான் நிரப்பியிருக்கின்றன.

[திரையில்: 2016, உச்ச நீதிமன்றம்]

ஜம்மு காஷ்மீர் ஊர்வலம் ஒன்றைப் பற்றி 2016-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வழக்கின் பெயர் அனிதா தாக்குர். கூட்டத்திலிருந்து கல் வந்தது, போலீஸ் பலத்தைப் பயன்படுத்தியது. அந்த அளவுக்கு நியாயம் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் போராட்டக்காரர்கள் கட்டுக்குள் வந்த பிறகும் அடித்தார்களே, அது அத்துமீறல் என்று சொல்லி, அடிபட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. முதல் அடி சரியாக இருக்கலாம், ஆள் பிடிபட்ட பிறகு விழுகிற ஒரே ஓர் அடிகூடத் தவறு. இந்த வீடியோவில் ஒன்றே ஒன்றை மனதில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பற்றிச் சொன்னேன் இல்லையா? 2011 ஜூன் 4 நள்ளிரவில் டெல்லி ராம்லீலா மைதானத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பி விரட்டியதை உச்ச நீதிமன்றம் 2012-ல் கடுமையாகக் கண்டித்தது. நம் மெரினாவையும் மறக்க முடியாது. 2017 ஜனவரி 23, ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் கடைசி நாள். ஒரு வாரமாக அமைதியாக இருந்த கூட்டத்தை விடியற்காலையில் கலைந்து போகச் சொன்னார்கள். கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று கேட்டுப் பலர் கடலோரம் போய் நின்றார்கள். அன்று மாலையே சட்டசபையில் மசோதா நிறைவேறியது. அதற்குள் நடுக்குப்பம் மீன் மார்க்கெட் எரிந்திருந்தது, ஐஸ்ஹவுஸ் காவல் நிலையப் பக்கம் வண்டிகள் எரிந்திருந்தன. விசாரணை ஆணையமே வைக்க வேண்டியதாயிற்று. அந்தச் சில மணி நேரத்தைக் கொடுத்திருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இது வரைக்கும் கூட்டம். தனி ஆள் என்றால் கணக்கே வேறு. கச்சேரியில் பாட்டில் வீசியவர் ஐந்து பேர் இல்லை, அவர்மேல் 148 பாயாது. 172-வது பிரிவின்படி, அமைதியைக் காக்கப் போலீஸ் சொல்வதைக் கேட்காதவரை அந்த இடத்திலிருந்து அப்புறப்படுத்தலாம். சின்ன விஷயம் என்றால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிட வேண்டும். குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்வதற்கு 1888-ஆம் வருடத்துச் சென்னை நகரக் காவல் சட்டத்தில் 75-வது பிரிவும் இருக்கிறது. கைதை எதிர்த்து முரண்டு பிடித்தால், கைது செய்யத் தேவையானதைச் செய்யலாம் என்கிறது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-வது பிரிவு. தப்பி ஓடாமல் இருக்க எவ்வளவு கட்டுப்பாடு வேண்டுமோ அதற்குமேல் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 46. தண்டனை கொடுக்கும் அதிகாரம் இந்தப் பிரிவுகள் எதிலும் இல்லை. 'ரெண்டு போட்டாதான் புத்தி வரும்' என்பது பொதுமக்களே சொல்கிற வார்த்தை. அதைச் செய்ய எந்தக் காவலருக்கும் உரிமை இல்லை.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். 2018 ஏப்ரல் 10, சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். மேட்ச். காவிரிப் பிரச்சினைக்காக வெளியே போராட்டம், உள்ளே மைதானத்தில் செருப்பு விழுந்தது. அண்ணா சாலையில் சீருடையில் இருந்த ஒரு காவலரைச் சூழ்ந்துகொண்டு அடித்த வீடியோவை நாடே பார்த்தது. அந்த நிலையில் அவரை மீட்கப் போகிற சக காவலர் லத்தியை எடுக்காமல் முடியாது. செருப்பு வீசியவர் கதை அப்படி இல்லை. வீசியாகிவிட்டது, கை காலி. இரண்டு பக்கமும் பிடித்து வெளியே கொண்டுபோனால் வேலை முடிந்தது.

[திரையில்: கோட்டுப் படம், குப்புறக் கிடக்கும் ஒருவர்]

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், உயிர் போகிற விஷயம். ரகளை செய்பவரைக் குப்புறத் தள்ளி, கையைப் பின்னால் முறுக்கி, முதுகில் முழங்காலை வைத்து அழுத்துகிறார்கள். நெஞ்சுக்கூடு விரிய இடம் இல்லை. வயிறும் தரையில் நசுங்குகிறது. குடித்திருப்பவர், பருமனானவர், ஓடிக் களைத்தவர் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். மூச்சுக்காகத் துள்ளுகிறார். மேலே இருப்பவருக்கு அது திமிறுவதாகத் தெரிகிறது. இன்னும் அழுத்துகிறார். 2020-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தில் போலீஸ்காரர் ஒருவரின் முழங்கால் 9 நிமிடம் 29 விநாடி இருந்தது, அவர் இறந்துபோனார். கை கட்டுக்குள் வந்த உடனே ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உட்கார வைக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் நீங்களும் "சார், திருப்பிப் போடுங்க, மூச்சு முட்டுது" என்று சொல்லலாம், சொல்லுங்கள்.

பவுன்சர்களுக்கு போலீஸ் அதிகாரம் எதுவும் கிடையாது. ஜாமீனில் வர முடியாத பெரிய குற்றம் கண் முன்னே நடந்தால் பிடித்து வைக்கலாம், ஆறு மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைக்க வேண்டும். அந்த உரிமை உங்களுக்கும் எனக்கும்கூட உண்டு.

அடிபட்டால் என்ன செய்வது? அந்த இடத்தில் திருப்பித் தள்ளாதீர்கள். அரசு ஊழியரைத் தாக்கியதாக, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 132-வது பிரிவு வந்து சேரும், உங்கள் பக்க நியாயம் அதற்கு அடியில் போய்விடும். கைது செய்கிற அதிகாரி பெயர் தெளிவாகத் தெரிகிற மாதிரி அடையாளம் அணிந்திருக்க வேண்டும், அந்தப் பெயரைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், எப்படி அடிபட்டது என்று டாக்டரிடம் உள்ளபடி சொல்லி, விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். என்ட்ரியில், ஏற்றச் சொல்லுங்கள். காயம் ஆறிவிடும், அந்தப் பதிவு இருக்கும். அப்புறம் கிரீன்வேஸ் சாலையில் இருக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதுங்கள். வக்கீல் கட்டாயம் இல்லை. ஆனால் சம்பவம் நடந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் ஆணையம் விசாரிக்க முடியாது, அதனால் தேதியை மறக்காமல் குறித்து வையுங்கள்.