பனித்தரையில் இரண்டாம் வரிசை

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

2022 செப்டம்பர் 14 அன்று, அமெரிக்காவின் லேக் பிளாசிட் நகரில், இலியா மாலினின் என்ற 17 வயது இளைஞர் பனித்தரையில் முன்னோக்கி விரைந்து வந்து எழும்பினார். காற்றில் நான்கரைச் சுற்று சுற்றினார். ஒற்றைக் காலில், பின்னோக்கி, விழாமல் இறங்கினார். குவாட் ஆக்சல் என்ற அந்தத் தாவலை அதுவரை உலகில் எவரும் சர்வதேசப் போட்டியில் முழுமையாகச் செய்து முடித்ததில்லை. ஜப்பானின் மாபெரும் வீரர் யுசுரு ஹன்யு அதே ஆண்டு பிப்ரவரியில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அதை முயன்று விழுந்திருந்தார்.

மாலினின் அதைச் சாதித்த மேடை ஒலிம்பிக் அல்ல, உலக சாம்பியன்ஷிப்பும் அல்ல. சேலஞ்சர் தொடர் என்று அழைக்கப்படும், ஃபிகர் ஸ்கேட்டிங்கின் இரண்டாம் நிலைப் போட்டிகளில் ஒன்று அது. இன்று நான் பேச வந்திருப்பது அந்தத் தொடரைப் பற்றித்தான். தென்னாப்பிரிக்காவின் லெனேசியாவில் உடற்பயிற்சி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பனிச்சறுக்கு பழகும் நம் பிள்ளைகளையும், அவர்களை விடியற்காலையில் காரில் ஏற்றிச் செல்லும் பெற்றோரையும் அறிந்தவள். நம் நாட்டைப் பொறுத்தவரை முதல் வரிசைப் போட்டிகளைவிட இந்த இரண்டாம் வரிசையே பெரிது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் அந்தத் தொடர் என்னவென்று பார்ப்போம். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆண்டுதோறும் பருவத் தொடக்கத்தில் பல போட்டிகள் தனித்தனியே நடந்துவந்தன. ஜெர்மனியின் ஓபர்ஸ்ட்டோர்ஃப் மலையூரில் நடக்கும் நெபல்ஹார்ன் கோப்பை 1969இல் தொடங்கியது. இத்தாலியில் லொம்பார்தியா கோப்பை, ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவில் ஒந்த்ரேய் நெபெலா நினைவுப் போட்டி, குரோஷியாவில் சாக்ரெப் தங்கச் சுழற்சி, போலந்தில் வார்சா கோப்பை என்று அவை பலவாக இருந்தன. ஐஎஸ்யு எனப்படும் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 2014-15 பருவத்தில் இப்படிப்பட்ட போட்டிகளைத் தேர்ந்தெடுத்து ஒரே தொடராக்கியது. எந்தெந்தப் போட்டிகள் தொடரில் இருக்கும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களே அதன் காலம்.

இதற்கு மேலே இருப்பது கிராண்ட் பிரீ தொடர். ஆறு போட்டிகள், கடைசியில் ஓர் இறுதிப் போட்டி. தனிநபர் பிரிவில் ஒரு போட்டிக்குப் பன்னிரண்டு பேர். ஆக ஆண்களுக்கு 72 இடங்கள், பெண்களுக்கு 72 இடங்கள். ஒருவரே இரண்டு போட்டிகளில் ஆடலாம் என்பதால் ஆட்களின் எண்ணிக்கை அதைவிடக் குறைவு. அங்கே யாரும் விரும்பியவுடன் நுழைய முடியாது. உலகத் தரவரிசையிலும் மதிப்பெண் பட்டியலிலும் முன்னே இருப்பவர்களுக்குத்தான் அழைப்பு வரும். சேலஞ்சர் போட்டிக்கோ அழைப்பு தேவையில்லை. அந்தந்த நாட்டின் சங்கம் பெயரைப் பதிவு செய்து அனுப்புகிறது. உலக சாம்பியனும் வருகிறார், முதன்முறையாக வெளிநாட்டுப் பனித்தரையில் கால் வைக்கும் சிறுமியும் வருகிறாள். இருவரும் ஒரே நாளில், ஒரே நடுவர்கள் முன்னால் ஆடுகிறார்கள். தரவரிசைக் கணக்கிலும் இந்த வெற்றியின் எடை சிறிதல்ல. கிராண்ட் பிரீயில் முதலிடம் பெற்றால் 400 புள்ளிகள் என்றால், சேலஞ்சரில் முதலிடத்துக்கு 300.

இனி நம் பிள்ளைகளுக்கு வருகிறேன்.

உலக சாம்பியன்ஷிப்பில் தென்னாப்பிரிக்காவின் சார்பில் ஒருவர் ஆட வேண்டுமானால், நம் தேசிய சாம்பியனாக இருப்பது மட்டும் போதாது. குறைந்தபட்சத் தொழில்நுட்ப மதிப்பெண் என்று ஒன்றை ஐஎஸ்யு நிர்ணயிக்கிறது. போட்டியில் ஒருவர் ஆடும் இரண்டு ஆட்டங்களில் குறுநிகழ்ச்சிக்கு ஒன்று, நெடுநிகழ்ச்சிக்கு ஒன்று. இரண்டையும் எட்டியாக வேண்டும். ஆப்பிரிக்கா, ஆசியா, அமெரிக்கா, ஓசியானியா ஆகிய பகுதிகளுக்கென 1999 முதல் நடக்கும் நான்கு கண்ட சாம்பியன்ஷிப்புக்கும் இதே ஏற்பாடுதான். அந்த மதிப்பெண்ணை அங்கீகரிக்கப்பட்ட சர்வதேசப் போட்டியில், அந்தப் பருவத்திலோ அதற்கு முந்தைய பருவத்திலோ பெற்றிருக்க வேண்டும். நம் தேசிய சாம்பியன்ஷிப்பில் எவ்வளவு அருமையாக ஆடினாலும் அந்த எண் இந்தக் கணக்கில் சேராது. அப்படியானால் அதை எங்கே பெறுவது? கிராண்ட் பிரீக்கு அழைப்பு வராது. மிஞ்சுவது சேலஞ்சரும், அதைப் போன்ற சிறிய சர்வதேசப் போட்டிகளும்தான்.

மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் பலர் இங்கேதான் மனம் உடைகிறார்கள். குறுநிகழ்ச்சி 2 நிமிடம் 40 வினாடி. ஏழு கட்டாய அம்சங்கள். நெடுநிகழ்ச்சி 4 நிமிடம். ஒவ்வொரு தாவலுக்கும் ஓர் அடிப்படை மதிப்பு உண்டு. குவாட் ஆக்சலுக்கு 12.50, டிரிபிள் ஆக்சலுக்கு 8.00. நடுவர்கள் அதன் தரத்தைப் பார்த்து மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை கூட்டிக் குறைக்கிறார்கள். இவர்களிடமிருந்து தனியாக ஒரு தொழில்நுட்பக் குழு வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்க்கிறது. இறங்கும்போது சுற்றில் கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தால் தாவலின் மதிப்பு குறையும். அரைச் சுற்றோ அதற்கு மேலோ குறைந்தால், மூன்று சுற்றுத் தாவல் இரண்டு சுற்றுத் தாவலாகவே எண்ணப்படும். ஊரில் கைதட்டல் வாங்கிய டிரிபிள், ஓபர்ஸ்ட்டோர்ஃப் திரையில் டபுளாகிவிடுகிறது. பிள்ளை அழுகிறது. தாய் நடுவர்களைத் திட்டுகிறாள்.

அந்தத் தாய்மாருக்கு நான் சொல்வது இதுதான்: அந்தக் கண்டிப்பைத் தேடித்தான் இவ்வளவு தூரம் பிள்ளையை அனுப்புகிறோம். எந்தத் தாவல் முழுமையானது, எது கால் சுற்றுக் குறைகிறது என்பதைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் சொல்லும் கண்கள் பிள்ளைக்கு வேண்டும். ஆளை ஆள் அறிந்த சிறிய வட்டத்தில் அது எளிதில் கிடைப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அந்த நடுவர்களின் மதிப்பெண் தாளைக் கையில் வாங்கி வந்த பிள்ளைக்கும், வாங்காத பிள்ளைக்கும் உள்ள வேறுபாட்டை அடுத்த ஆண்டுப் பயிற்சியிலேயே பார்க்கலாம்.

தென்னாப்பிரிக்காவுக்கு இந்த விளையாட்டில் வரலாறே இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியல்ல. 1960இல் அமெரிக்காவின் ஸ்குவா வேலியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்நாடு முதன்முறையாக நான்கு பேரை அனுப்பியது. நால்வருமே ஃபிகர் ஸ்கேட்டர்கள். நால்வருமே வெள்ளையர்கள். பொது இடங்களை இனவாரியாகப் பிரித்து வைத்த 1953ஆம் ஆண்டுச் சட்டம் 1990 வரை நடப்பில் இருந்தது. என் தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பனித்தரை என்பது பத்திரிகைப் படத்தில் பார்ப்பது மட்டுமே. நிறவெறி காரணமாக உலக விளையாட்டிலிருந்து நாடு விலக்கி வைக்கப்பட்டிருந்து, திரும்பி வந்த பிறகு, 1994இல் லில்லஹாமரில் டினோ குவாட்ரோசெச்சேரேவும், 1998இல் நாகானோவில் ஷிரீன் ஹியூமனும் ஆடினார்கள். அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது; ஒலிம்பிக் பனித்தரையில் நம் நாட்டின் ஸ்கேட்டர் எவரும் ஆடவில்லை. எனக்கு இது வலிக்கிறது, ஏனென்றால் எல்லா நிறப் பிள்ளைகளும் உள்ளே போக முடிந்த காலம் இதுதான்.

இடம் இல்லாமல் இல்லை. ஜோகன்னஸ்பர்கில் நார்த்கேட், கெம்ப்டன் பார்க்கில் ஃபெஸ்டிவல் மால், சென்சூரியனில் ஃபாரஸ்ட் ஹில், கேப்டவுனில் கிராண்ட்வெஸ்ட் என்று பனித்தரைகள் இருக்கின்றன. வணிக வளாகத்துக்குள்ளும் கேசினோவுக்குள்ளும் இருப்பவை. பகலில் பொதுமக்கள் சறுக்கி விளையாடும் நேரம் போக, மிஞ்சிய விடியற்காலையும் இரவும்தான் போட்டிக்காரர்களுக்கு. மின்வெட்டு கடுமையாக இருந்த ஆண்டுகளில் பனித்தரை நடத்துபவர்களும் பயிற்சியாளர்களும் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்று நினைத்தால் எனக்கு அவர்கள்மீது மரியாதை கூடுகிறது.

ஆனால் பணத்தையும் விசாவையும்விட ஒரு பெரிய தடை இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது மேட்ரிக், அதாவது நம் பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு.

2022இல் ஐஎஸ்யு ஒரு முடிவெடுத்தது. சீனியர் எனப்படும் மூத்தோர் பிரிவில் ஆடக் குறைந்தபட்ச வயது அதுவரை 15 ஆக இருந்தது. அதைப் படிப்படியாக உயர்த்தி 2024-25 பருவம் முதல் 17 ஆக்கினார்கள். வளரும் உடலைக் காக்கும் நல்ல முடிவு. அதை நான் முழு மனதுடன் ஆதரிக்கிறேன். ஆனால் நம் நாட்டுப் பள்ளிக் கணக்கில் 17 வயது என்பது எது? பதினோராம் வகுப்பு, அல்லது மேட்ரிக். சேலஞ்சர் தொடர் நடப்பது எப்போது? செப்டம்பரில் நமக்கு முன்தேர்வு, அக்டோபர், நவம்பரில் இறுதித் தேர்வு. ஐரோப்பியப் பிள்ளைக்கு அது பள்ளியாண்டின் தொடக்கம். ஒரு வாரம் விடுப்பு எடுத்தால் ஈடுசெய்துவிடலாம். நம் பிள்ளைக்கு அது வாழ்க்கையின் முக்கியமான தேர்வுக் காலம். ஒரு பெண்ணின் முதல் மூத்தோர் பருவமும் மேட்ரிக்கும் ஒரே ஆண்டில் மோதுகின்றன. படிப்பைத் தாண்டி எதையும் வைக்காத நம் தமிழ்க் குடும்பங்களில் எது விட்டுக்கொடுக்கப்படும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கரும்புத் தோட்டத்திலிருந்து பள்ளிக்கூடம் வழியாக வெளியே வந்த சமூகம் நாம். அந்தத் தாய் தந்தையரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால் பள்ளி முதல்வர்களிடம் கேட்கிறேன். பதினோராம் வகுப்புத் தேர்வும் மேட்ரிக் முன்தேர்வும் உங்கள் பள்ளிக்குள் நடப்பவை. ரக்பிக்கும் கிரிக்கெட்டுக்கும் சுற்றுப்பயணம் போகும் மாணவனுக்கு மாற்றுத் தேதி கொடுக்கிறீர்கள் அல்லவா? நாட்டுக்காக நெபல்ஹார்ன் போகும் மாணவிக்கும் கொடுங்கள். பெற்றோருக்கு ஒரு யோசனை: பதினோராம் வகுப்பு ஆண்டிலேயே வயது வந்துவிட்டால், அந்த ஆண்டே முதல் சேலஞ்சருக்கு அனுப்பிவிடுங்கள். பெற்ற மதிப்பெண் அடுத்த பருவத்துக்கும் செல்லும். மேட்ரிக் ஆண்டில் பிள்ளை நிம்மதியாகப் படிக்கலாம்.

நம் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. லெனேசியாவிலும் சாட்ஸ்வொர்த்திலும் பரதநாட்டியம் கற்கும் பெண்கள் எத்தனை பேர்! அரைமண்டியில் நின்று பழகிய முழங்கால், தாளம் தவறாத காது, முகத்தில் பாவம். ஸ்கேட்டிங் நடுவர்கள் தாவல்களுக்கு அப்பால் நிகழ்ச்சியின் அமைப்பு, வெளிப்பாடு, சறுக்கும் திறன் என்ற மூன்றுக்குத் தனி மதிப்பெண் தருகிறார்கள். முதல் இரண்டிலும் நாட்டியம் பயின்ற பிள்ளைக்கு இயல்பாகவே ஒரு கை கூடுதல். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மெரில் டேவிஸும் சார்லி வைட்டும் இந்தியத் திரையிசைக்கு ஆடி உலகைக் கவர்ந்தார்கள். வெள்ளிப் பதக்கமும் வென்றார்கள். இரண்டு அமெரிக்கர்களால் முடிந்தது நம் பெண்களால் முடியாதா? அரங்கேற்றத்துக்கு மண்டபமும் விருந்தும் ஏற்பாடு செய்யும் அக்கறையில் ஒரு பங்கு ஒரு விமான டிக்கெட்டாக மாறினால் போதும்.

சேலஞ்சர் தொடர் நட்சத்திரங்களுக்கும் தேவைப்படுகிறது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. அமெரிக்காவின் அலிசா லியு 16 வயதில், 2022இல், ஸ்கேட்டிங்கே வேண்டாம் என்று விலகினார். இரண்டு ஆண்டுக்குப் பிறகு திரும்ப வந்தபோது அவர் முதலில் ஆடியது 2024 அக்டோபரில் புடாபெஸ்ட் கோப்பையில். அது ஒரு சேலஞ்சர் போட்டி. அதை வென்றார். 2025 மார்ச்சில் பாஸ்டனில் உலக சாம்பியனானார். ஹன்யுவும் 2016இல் மான்ட்ரியாலில் ஒரு சேலஞ்சர் போட்டியில்தான் குவாட் லூப் என்ற நான்கு சுற்றுத் தாவலை உலகில் முதன்முதலாகச் செய்தார். அரங்கில் பல்லாயிரம் பேர் இல்லாத இடத்தில் தவறினாலும் பெரிய இழப்பில்லை என்ற தைரியத்தில் இவர்கள் புதியதை முயல்கிறார்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. 2008இல் கேப்டவுனில் ஜூனியர் கிராண்ட் பிரீ போட்டி ஒன்று நடந்தது. அதை நடத்தத் தெரிந்த நாட்டால் ஒரு சேலஞ்சரையும் நடத்த முடியும். ஆப்பிரிக்க மண்ணில் இதுவரை ஒன்றுகூட நடந்ததில்லை. நடுவர்களுக்கும் தொழில்நுட்பக் குழுவுக்கும் ஆகும் செலவு பெரிதுதான். ஆனால் ஒரு பிள்ளையின் விமானச் செலவுக்கு ஆகும் பணத்தில் பத்துப் பிள்ளைகள் உள்ளூரிலேயே அந்த நடுவர்கள் முன்னால் ஆட முடியுமே! நம் விளையாட்டு அமைச்சு இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வரும் செப்டம்பரில் லொம்பார்தியா, நெபல்ஹார்ன் போட்டிகள் வரும்போது பாருங்கள். இணையத்தில் நேரடி ஒளிபரப்பு கிடைக்கிறதா என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். கோடைக் கால நேரத்தில் ஜெர்மனியின் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒன்றுதான். தூக்கம் கெட வேண்டியதில்லை. குறுநிகழ்ச்சியில் பின்தங்கியவர்கள் நெடுநிகழ்ச்சியில் முதலில் ஆடுவார்கள், முன்னணியில் இருப்பவர்கள் கடைசியில். தயவுசெய்து கடைசிக் குழுவுக்காகக் காத்திராமல் முதல் குழுவிலிருந்தே பாருங்கள். குறைந்தபட்ச மதிப்பெண்ணுக்காகப் போராடும் பிள்ளைகள் பெரும்பாலும் அங்கேதான் ஆடுகிறார்கள்.

வணக்கம்.