மூளை நின்றுவிட்டால் அதோடு சரியா? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, கடலூர் முதுநகரிலிருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்கிறார். "ஐயா, போன மாதம்தான் என் வீட்டுக்காரருக்குக் கருமாதி முடிந்தது. பையன் மருத்துவம் படிக்கிறான். மூளை நின்றுவிட்டால் அதோடு சரி, அப்பா எங்கேயும் இல்லை என்கிறான். சாமி பேரைச் சொல்லாமல், யோசித்துப் பார்த்தே, இறந்த பிறகு ஏதாவது இருக்கலாம் என்று சொல்ல வழி உண்டா?"

அம்மா, உங்கள் பையன் சொல்வது புதிய பேச்சு இல்லை. மணிமேகலையில் பூதவாதி ஒருவன் வருகிறான். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் சேர்த்துப் போட்டால் கள்ளின் வெறி பிறக்கிற மாதிரி, நிலம், நீர், தீ, காற்று போன்ற பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும். அவை பிரிந்தால் பறை ஓசை அடங்குகிற மாதிரி அதுவும் போய்விடும் என்கிறான். கண்ணால் கண்டதுதான் மெய் என்பது அவன் கட்சி. அப்படியானால் உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை மடக்குகிறாள். நல்ல அடி. ஆனால் கண்ணில் படாதது இல்லை என்ற பேச்சைத்தான் அது உடைக்கிறது. கள் உதாரணம் அப்படியே நிற்கிறது. உங்கள் பையனும் அதன் மேல்தான் நிற்கிறான்.

நம்ம பெண்ணாகடத்தில் பிறந்த, சிவஞானபோதம் என்ற சைவ சித்தாந்த நூலைத் தந்த மெய்கண்டாரிடம் போவோம். சாமி பேர் வேண்டாம் என்றீர்கள், இது காரணம் காட்டிப் பேசுகிற இடம்தான், பயப்பட வேண்டாம். அந்த நூலின் மூன்றாம் சூத்திரத்தில் 'கண்படில் உண்டிவினை இன்மையின்' என்று ஒரு காரணம் வருகிறது. அயர்ந்து தூங்கும்போது மூச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் இன்பதுன்ப நுகர்ச்சி இல்லை, செயல் இல்லை. அதனால் மூச்சு வேறு, அறிகிற உயிர் வேறு. மூச்சுதான் உயிர் என்றவர்களுக்கு இது சரியான பதில். ஆனால் பையன் என்ன சொல்வான்? "மூச்சு இல்லை, மூளைதான். தூக்கத்தில் அதன் வேலையும் மாறுகிறதே" என்பான். வாதம் அவன் பக்கமே போய்விடும்.

ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட் 1788-இல் ஒன்று சொன்னார்: அறத்தில் முழுமை அடைவது நம் கடமை, அதற்கு ஒரு ஆயுள் போதாது, ஆகவே ஆன்மா தொடர வேண்டும் என்று. தொடர்ந்தால் நன்றாக இருக்கும்தான். நன்றாக இருக்கும் என்பதற்காக ஒன்று இருந்துவிடுமா? எனக்கு இதில் மனம் ஒட்டவில்லை.

எனக்குக் கனமாகப் படுவது அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் பேசியது. 1898-இல் நூலாக வந்தது. எண்ணம் மூளையின் வேலை என்று பையன் சொல்வதை அவர் முழுசாக ஒப்புக்கொள்கிறார். ஆனால் எந்த வகை வேலை என்று கேட்கிறார். உண்டாக்குகிற வேலையும் உண்டு, வேறு எங்கிருந்தோ வருவதைக் கடத்துகிற வேலையும் உண்டு. அவர் காட்டுவது வண்ணக் கண்ணாடி. புதுச்சேரி ரயில் நிலையம் பக்கம் இருக்கிற திரு இருதய ஆண்டவர் கோயிலுக்குள் வெயில் நேரத்தில் போயிருந்தால் தெரியும், தரையெல்லாம் சிவப்பும் நீலமுமாக விழும். கண்ணாடி விரிசல் விட்டால் அந்த நிறம் கோணும், உடைந்தால் போய்விடும். அதை வைத்து வெளிச்சத்தைக் கண்ணாடிதான் உண்டாக்கியது என்று சொல்ல முடியாது.

"மூளையில் அடிபட்டால் ஆளே மாறிவிடுகிறாரே" என்று பையன் கேட்பான். நியாயமான கேள்வி. ஆனால் உண்டாக்கினாலும் அப்படித்தான் மாறுவார், கடத்தினாலும் அப்படித்தான் மாறுவார். இந்த ஒரு சாட்சியை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுத முடியாது. 'இருக்கலாம்' என்பதற்கு இவ்வளவு இடம் கிடைக்கிறது. இவ்வளவுதான், இதற்கு மேல் இல்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை உங்களிடம் மறைக்கக் கூடாது. கண்ணாடி போன பிறகு மிச்சம் இருப்பது வெறும் வெளிச்சம். உங்கள் வீட்டுக்காரர் என்று நீங்கள் தேடுவது அந்தச் சிவப்பையும் நீலத்தையும் அல்லவா? அவர் கோபம், அவர் சிரிப்பு, மீன் குழம்பில் புளி தூக்கல் என்று சொல்கிற குரல். மிஞ்சுவது அவராக இல்லாவிட்டால் மிஞ்சி என்ன?

சைவ சித்தாந்தம் இங்கே விட்டுக்கொடுக்காது. உயிர்கள் பல, ஒவ்வொன்றும் தனி, வினையைச் சூக்கும உடலோடு, அதாவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுடலோடு, சுமந்து போகிறது என்னும். புதுச்சேரியில் 1910 முதல் 1950 வரை இருந்த அரவிந்தர் வேறு மாதிரி போகிறார். வெளியே தெரிகிற ஆளுமை திரும்பி வருவதில்லை, உள்ளே வளர்கிற ஆன்மாதான் வாழ்ந்ததின் சாரத்தை எடுத்துக்கொண்டு போகிறது என்பது அவர் பார்வை. போன பிறவி நினைவில்லையே என்ற கேள்வியும் அவரை அசைக்கவில்லை. அது சரிதான், கைக்குழந்தையாக இருந்தது நம்மில் யாருக்கு நினைவிருக்கிறது? தர்க்கத்துக்கு அரவிந்தர் பதில் எனக்குப் பொருந்துகிறது. ஆனால் துக்க வீட்டில் அதைச் சொல்ல எனக்கு நா எழாது.

அதனால் பையன் "இல்லவே இல்லை" என்றால், அது தெரிந்ததற்கு மேலே போகிற பேச்சு. "சான்று காட்டுங்கள்" என்றால், அது என் கையிலும் இல்லை. அப்புறம், திதி கொடுக்கலாமா வேண்டாமா என்ற சண்டையை இதில் கலக்காதீர்கள், அது வேறு கணக்கு.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவர், மறுபிறவி உண்டென்றால் மக்கள்தொகை எப்படிக் கூடுகிறது என்று கேட்டிருக்கிறார். அதற்கு நேரம் வேண்டும், அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.