அம்மாவின் மட்டக்கம்பு

வணக்கம் நேயர்களே. இன்றைக்கு ஓவியத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அதிலும் ஆளோ மரமோ இல்லாத, கோடும் கட்டமும் மட்டுமே உள்ள ஓவியம். வானொலியில் படம் காட்ட முடியாது, சரி. ஆனால் மலையகத்தில் இருந்து கேட்கிறவர்களுக்குக் காட்டத்தான் வேண்டுமா?

30 வருடம் சித்திரம் படிப்பித்தவன் நான். இப்படியான படத்தைக் காட்டினால் பிள்ளைகள், "சேர், இதுல ஒன்னும் இல்லையே" என்பார்கள். பெரியவர்களும் அதையேதான் சொல்வார்கள். ஒன்றும் இல்லையா என்று பார்ப்போம்.

என் அம்மா கொழுந்து எடுத்தவர். அவரிடம் ஒரு மட்டக்கம்பு இருந்தது. தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நீளமான, நேரான கம்பு. தேயிலைச் செடியின் மேல் அதைப் படுக்க வைத்து, அதற்கு மேலே நிற்கிற கொழுந்தைக் கிள்ள வேண்டும். அப்போதுதான் செடிகளின் தலை ஒரே மட்டமாக நிற்கும். அம்மாவின் கம்பு கைபட்டுக் கைபட்டு வழுவழுப்பாகியிருந்தது. பிடிக்கிற பக்கம் மட்டும் கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்திருக்கும்.

லீவு நாட்களில் அவரோடு நிரைக்குப் போவேன். கம்பை வைப்பார், கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார், கிள்ளுவார், அடுத்த செடிக்கு நகர்த்துவார். காலுக்குக் கீழே சறுக்கும். மழை, அட்டை, முதுகில் கூடை. மலை எப்படிச் சரிகிறதோ அதே சரிவில் அந்தக் கோடு மட்டும் பிசகாமல் போகும். "கண்ணால பாத்தே எடுக்கலாமேம்மா?" என்று ஒருநாள் கேட்டேன். "நாளைக்கு இந்த நிரைக்கு வேற ஆளு வந்தாலும் மட்டம் மாறக்கூடாதுல்ல" என்றார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

பல வருடம் கழித்து நஸ்ரீன் மொஹமதியின் படங்களை ஒரு புத்தகத்தில் பார்த்தேன். 1937இல் கராச்சியில் பிறந்தவர், 1972 முதல் பரோடாவில் நுண்கலை படிப்பித்தவர். கட்டட வரைபடம் போடுகிற கருவிகளை வைத்துக்கொண்டு, மையால் மெல்லிய கோடுகள் இழுத்திருக்கிறார். நெருங்கி வரும், விலகும், சரிந்து போய் வெள்ளைத் தாளில் கரையும். எதிர்மலையின் நிரைகள் பனிமூட்டத்துக்குள் போவது போலவே இருந்தது எனக்கு. அவர் பார்த்ததோ வட இந்தியாவில் உள்ள பழைய முகலாய நகரமான பத்தேப்பூர் சிக்ரியின் கல்முற்றங்களை. அவற்றைப் புகைப்படமும் எடுத்தார், உயிரோடு இருந்தவரை காட்சிக்கு வைக்கவில்லை. கடைசிக் காலத்தில் நரம்பு நோய் வந்து உடல் சொன்னபடி கேட்காமல் போனது. கோடு பிசகவில்லை. 1990இல் காலமானார்.

கனடாவில் பிறந்த ஆக்னஸ் மார்ட்டினும் அப்படித்தான். 6 அடிக்கு 6 அடி துணியில் பென்சில் கட்டங்கள். தூர நின்றால் வெறும் மூடுபனி. கிட்டப் போனால் துணியின் இழைமேல் ஏறி இறங்குகிற பென்சில் லேசாக நடுங்கியிருப்பது தெரியும். கையால் போட்ட கோடல்லவா!

வகுப்பில் ஒருமுறை லயத்தை, அதாவது காம்பரா என்கிற அறைகள் வரிசையாக உள்ள தோட்டத்து வீட்டை, வரையச் சொன்னேன். எல்லோரும் புகை, கோழி, பூச்செடி என்று தாளை நிறைத்தார்கள். ஒரு பிள்ளை நீளமாக ஒரு கட்டம் போட்டு அதைப் பன்னிரண்டாகப் பிரித்திருந்தாள். பதினொன்றைப் பென்சிலால் கறுப்பாக்கி, ஒன்றை வெள்ளையாக விட்டிருந்தாள். முடிக்கவில்லை என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தேன். "அது எங்க காம்பரா சேர், வெளக்கு எரியுது" என்றாள். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அதிலும் ஒன்றும் இல்லை என்று யாரும் சொல்லட்டும் பார்ப்போம்!

தேயிலை ஸ்டோரின், அதாவது தொழிற்சாலையின், மேல்மாடி ஜன்னல் வரிசையைப் பற்றியும், டெக்சஸில் பழைய பீரங்கிக் கொட்டகைகளில் அமெரிக்கக் கலைஞர் டொனால்ட் ஜட் வைத்த 100 அலுமினியப் பெட்டிகளைப் பற்றியும் சொல்ல இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சொல் லெவிட் என்ற அமெரிக்கக் கலைஞரைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். 1968இலிருந்து சுவரில் கோடுகள் போட்டவர். எப்படிப் போடுவது என்று குறிப்பு எழுதிக் கொடுப்பார், வரைவது பெரும்பாலும் மற்றவர்கள். 2007இல் அவர் இறந்த பிறகும் அந்தக் குறிப்புகளை வைத்து வேறு கைகள் வரைந்துகொண்டிருக்கின்றன. அம்மா சொன்ன அந்த வேறு ஆள் இவர்கள்தான். நன்றி நேயர்களே, வணக்கம்.