ஒன்பதாயிரம் லி தூரத்தில் ஒரு மாகாணம்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடம் வருவாய்த் துறையில் குப்பை கொட்டியவன் நான். அதனால் சரித்திரப் புத்தகத்தைத் திறந்தால் என் கண் ராஜாக்கள் மேல் நிற்பதில்லை. வரி வசூலித்தவர் யார், கணக்குப் பார்த்தவர் யார் என்றுதான் தேடும். அப்படித் தேடியபோது அகப்பட்டது, சீனத்து ஹான் பேரரசின் தென்கோடி மாகாணமான ஜியாவ்ஜி. இன்றைய வட வியட்நாமும் சீனத்தின் தென்கரையும் சேர்ந்த பகுதி அது.

நமக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. ஜியாவ்ஜிக் கரையிலிருந்து கப்பலேறிப் பல மாதம் போனால் ஹுவாங்ஜி என்ற நாடு வரும் என்று ஹான் வரலாற்று நூல் சொல்கிறது. தங்கமும் பட்டும் கொண்டுபோய், முத்தும் கண்ணாடியும் வாங்கி வந்திருக்கிறார்கள். அது நம் காஞ்சிபுரம்தான் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள், ஒப்பாதவர்களும் உண்டு.

சரி, நிர்வாகத்துக்கு வருவோம். கி.மு. 111இல் ஹான் பேரரசர் வூவின் படை இங்கிருந்த நான்யுவே அரசைப் பிடித்தது. நிலத்தை ஒன்பது மாவட்டங்களாகப் பிரித்தார்கள். அவற்றில் ஒன்றுக்கும் ஜியாவ்ஜி என்றே பெயர். தெற்கே கடைசி மாவட்டம் ரிநான், அதாவது 'சூரியனுக்குத் தெற்கே'. ஹைனான் தீவில் வைத்த இரண்டு மாவட்டங்களில் ஓயாத கலகம். இரண்டையும் ஒன்றாக்கிப் பார்த்தார்கள். அதுவும் சரிப்படாமல் கி.மு. 46இல் கைவிட்டார்கள்.

என்னைக் கவர்ந்த ஏற்பாடு கி.மு. 106இல் வந்தது. பேரரசு முழுக்க 13 வட்டாரங்கள், நம் ஜியாவ்ஜி மாகாணமும் அதில் ஒன்று. வட்டாரத்துக்கு ஒரு கண்காணிப்பாளர். மாவட்ட ஆளுநர்களின் பதவித் தரம் 2,000 ஷி. ஷி என்பது தானிய அளவு. சம்பளத்தை அதை வைத்துத்தான் தரம் பிரித்தார்கள். அந்த ஆளுநர்களைச் சோதிக்கப் போகும் கண்காணிப்பாளரின் தரமோ வெறும் 600 ஷி! கலெக்டரைத் தணிக்கை செய்யத் துணைத் தாசில்தாரை அனுப்புவது போல. கையில் ஆறு விதிகள் கொடுத்திருந்தார்கள். முதல் விதி, உள்ளூர்ப் பெரும்புள்ளிகள் அளவுக்கு மீறி நிலம் சேர்த்திருக்கிறார்களா என்று பார்ப்பது. மற்ற ஐந்தும் ஆளுநர்களின் தவறுகளைப் பற்றியவை. சின்ன ஆளுக்கு இழக்க அதிகம் இல்லை, துணிந்து எழுதுவான் என்பது கணக்கு. சில இடங்களில் நடந்திருக்கும். நான் பார்த்த தணிக்கைகளை நினைத்தால் எல்லா இடத்திலும் நடந்திருக்காது.

கி.பி. 2இல் எடுத்த குடிக்கணக்கு இன்னும் இருக்கிறது. ஜியாவ்ஜி மாவட்டத்தில் 92,440 வீடுகள், 7,46,237 பேர். ரிநானில் 69,485 பேர். கடைசி ஆள் வரை எண்ணியது போலத் தெரிகிறது இல்லையா? மலைக்காட்டில் இருந்தவர்களை எந்தக் கணக்குப்பிள்ளை ஏறிப் போய் எண்ணினாரோ!

கி.பி. 40இல் ஹான் ஆட்சியை எதிர்த்துச் சுருங் சகோதரிகள் கிளம்பினார்கள். வியட்நாமில் இன்றும் கொண்டாடப்படும் பெண்கள். 65 ஊர்க்கோட்டைகள் அவர்கள் பக்கம் போயின. ஹான் தளபதி மா யுவான் வந்து கி.பி. 43இல் அடக்கினார். போர்க்கதையை விடுங்கள், அதன்பின் அவர் செய்த வேலையைப் பாருங்கள். ஒரு வட்டத்தில் 32,000 வீடுகள் இருந்தன, எல்லைக்குப் போய்வரவே நெடுந்தூரம் என்று சொல்லி அதைப் பிரிக்க அனுமதி கேட்டு எழுதினார். உள்ளூர் வழக்கமும் ஹான் சட்டமும் பத்துக்கு மேற்பட்ட இடங்களில் முரண்படுகின்றன என்றும் எழுதினார்.

அப்புறம் கி.பி. 137இல் ரிநானில் கலகம். கண்காணிப்பாளர் பக்கத்து மாவட்டங்களில் பத்தாயிரத்துக்கு மேல் ஆள் திரட்டினார். அவ்வளவு தூரம் போக அஞ்சிய அந்தப் படை, திரும்பி அவர் அலுவலகத்தையே தாக்கியது. தலைநகரில் 40,000 பேரை அனுப்பலாம் என்று பேச்சு எழுந்தது. லி கு என்ற அதிகாரி எழுந்து கணக்குப் போட்டார். தூரம் 9,000 லிக்கு மேல். லி என்பது சீனத் தூர அளவு, அரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. படை ஒரு நாளைக்கு 30 லி நடக்கும். ஆக 300 நாள். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 5 ஷெங் அரிசி, நம் அளவில் ஏறத்தாழ ஒரு லிட்டர். மொத்தம் 6 லட்சம் ஹு. ஒரு ஹு என்பது நூறு ஷெங். அதிகாரிகளும் கழுதை குதிரைகளும் தின்பது இதில் சேரவில்லை! போய்ச் சேருவதற்குள் எத்தனை பேர் காய்ச்சலில் விழுவார்களோ, அது வேறு. படை வேண்டாம், நல்ல ஆளாக இரண்டு பேரை அனுப்புங்கள் என்றார்.

சபை ஒத்துக்கொண்டது. ஜாங் சியாவ் கண்காணிப்பாளரானார், ஜு லியாங் ஜியூஜென் மாவட்டத்துக்கு ஆளுநரானார். ஜு லியாங் ஒற்றை வண்டியில் கலகக்காரர்கள் நடுவே போனார். பல்லாயிரம் பேர் பணிந்தார்கள். அவருக்கு அலுவலகக் கட்டடத்தையும் அவர்களே எழுப்பிக் கொடுத்தார்கள்.

கி.பி. 184இலும் இதே கதைதான். அப்போது வந்த கண்காணிப்பாளர் ஜியா சோங், முதலில் ஏன் கலகம் என்று விசாரித்தார். வரி தாங்கவில்லை, தலைநகர் தொலைவு, முறையிட வழியில்லை என்றார்கள். அவர் வரியை நீக்கி, கொடுமை செய்தவர்களைத் தண்டித்து, நல்ல அதிகாரிகளை அமர்த்தினார். 'ஜியா அப்பா தாமதமாக வந்தார், அதனால் முன்பு கலகம் செய்தோம்' என்று தெருவில் பாடினார்களாம்.

வடக்கே பேரரசு நொறுங்கியபோது ஷி ஷியே என்பவர் ஜியாவ்ஜியில் ஆளுநராக நாற்பது ஆண்டு அசையாமல் இருந்தார். தம்பிகளுக்கும் ஆளுக்கொரு மாவட்டம். கி.பி. 226இல் தொண்ணூறு வயதில் அவர் இறந்தார். உடனே, பேரரசு உடைந்து தெற்கே உண்டான வூ அரசின் மன்னர் சுன் சுவான் மாகாணத்தை இரண்டாக வெட்டினார். தென்பாதி ஜியாவ் என்றே இருந்தது. வடபாதிக்கு குவாங் என்று பெயர் வைத்தார். நம் ஊர் வியாபாரிகள் இன்றைக்குச் சரக்கெடுக்க விமானம் ஏறும் குவாங்சோவின் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.